கஹோன் பெட்டி வீட்டிலேயே செய்கிறோம்: முன்பலகையை ஒட்டுவதா, திருகுவதா?

தண்டையார்பேட்டை தாளம் எழுதியது:

வணக்கம் மக்களே. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கையைச் சும்மா வைத்திருக்க மாட்டாள், சாப்பாட்டு மேசை, காலி சிலிண்டர், தாத்தாவின் டிரங்குப் பெட்டி என்று எதுவும் அவள் தட்டாமல் மிச்சமில்லை. பள்ளியில் யாரோ கஹோன் (மேலே உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்டி வாசிக்கிற மரப்பெட்டி) வாசித்ததைப் பார்த்ததிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். கடையில் கேட்டுப் பார்த்தேன், சுமாராக ஒலிக்கிறவையே ஐயாயிரத்தில் ஆரம்பிக்கின்றன. ஒரு மரப்பெட்டிக்கு இவ்வளவா என்று வீட்டம்மா கேட்க, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமனார், "பெட்டிதானே, நான் அடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டார். அவர் காசிமேட்டில் மர லாஞ்சு கட்டிய தச்சர். இப்போது ஓய்வு, ஆனால் உளியும் இழைப்புளியும் இன்னும் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

பலகை நிலவரம்: சமையலறை அலமாரி செய்தபோது மிஞ்சிய 12 மி.மீ. பிளைவுட் இருக்கிறது, நாலு பக்கத்துக்கும் அது போதும். பின்பக்கத்துக்கு 6 மி.மீ., முன்பக்கத்துக்கு 3 மி.மீ. வால்டாக்ஸ் ரோட்டில் வாங்கி வந்தேன். உயரம் 18 அங்குலம், அகலம் 12, ஆழம் 12.

பிரச்சினை இதுதான். மாமா அந்த 3 மி.மீ. பலகையைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "இதுல குத்தினா பொத்தல் விழும்" என்று தள்ளி வைத்துவிட்டார். முன்பக்கம் 9 மி.மீ. போடலாம் என்கிறார். இல்லையென்றால் 3 மி.மீ. பலகைக்குப் பின்னால் படகின் வங்கு (உள்பக்க விலாக் கட்டை) மாதிரி ஒரு குறுக்குக் கட்டை கொடுத்தே ஆகவேண்டுமாம். மிருதங்கத்துக்குப் பலா, வீணைக்குப் பலா, இதுக்கு மட்டும் பிளைவுட்டா என்று வேறு கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கேள்விகள்: முன்பலகையை ஒட்டுவதா, திருகு போடுவதா? சலசலப்புக்காக முன்பலகைக்குப் பின்னால் உள்ளே வைப்பது கிட்டார் கம்பியா, ஸ்னேர் கம்பியா (டிரம்மின் அடியில் இருக்கிற சுருள் கம்பி)? பின்னால் ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஓட்டேரி பட்டறை எழுதியது:

பெட்டிக்கு 12 மி.மீ. போதும். முன்பக்கம் 9 போட்டால் அது ஸ்டூல், வாத்தியம் இல்லை. 3 போடுங்கள். அடிக்கிற கை முரட்டுக் கை என்றால் 4. குறுக்குக் கட்டை வேண்டவே வேண்டாம்.

வாங்கிய 3 மி.மீ. பலகையை ஒட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் பலகை முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும். எங்காவது சொத்தையாகச் சத்தம் வந்தால் அங்கே உள் அடுக்கில் இடைவெளி இருக்கிறது, பசை பிடிக்கவில்லை. அலமாரிக்கு அது பரவாயில்லை, இதற்கு ஆகாது, அடிக்கும்போதெல்லாம் அங்கே கரகரவென்று ஒரு சத்தம் கூடவே வரும், பிறகு எதைச் செய்தாலும் போகாது.

ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை போட்ட, தண்ணீர் தாங்குகிற மரைன் பிளைதான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். உடலுக்கு அது நல்லதுதான், கனமும் கூடும். ஐ.எஸ். 303 முத்திரையுள்ள கமர்ஷியல் பிளையிலும் நன்றாகவே செய்யலாம், மழைத் தண்ணீரில் ஊறவைக்காமல் இருந்தால் சரி. இழை ஓட்டம் மேலிருந்து கீழாக வரும்படி முன்பலகையை வெட்டுங்கள்.

மேடை மூலை எழுதியது:

தலைவா, நான் கானா கச்சேரியிலும் வாசிக்கிறேன், கல்யாண ரிசப்ஷன் குழுவிலும் வாசிக்கிறேன், கஹோன் மேல் உட்கார்ந்தே முதுகு வளைந்துவிட்டது. என் ஓட்டு திருகுக்கு.

காரணம், மேல் விளிம்பில் விரல் நுனியால் அடிக்கும்போது ஒரு 'சட்' என்று வெடிக்கிற சத்தம் வரவேண்டும். பலகையின் மேல் மூலைகள் இரண்டும் ஒரு நூல் அளவு தளர்ந்திருந்தால்தான் அது வரும். ஒட்டிவிட்டால் அந்த இடத்தைச் சரி செய்ய வழியே இல்லை. சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ஒரு திருகு, மேல் மூலையில் உள்ள இரண்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தி விடுவேன். மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி. பையிலேயே ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்.

கம்பியைப் பற்றி: கிட்டார் கம்பி கூர்மையாகப் பேசும், வேகமான விரல் வேலை கேட்கும். ஸ்னேர் கம்பி கொஞ்சம் கசகசவென்று டிரம் செட் மாதிரி வரும். சினிமாப் பாட்டுக்கு ஸ்னேர் கம்பி போதும். கானாவுக்கு நான் கம்பியே இல்லாத பெட்டியைத்தான் எடுத்துப் போவேன், கம்பி இருந்தால் பாடுகிறவர் வார்த்தையை அது சாப்பிட்டுவிடும்.

பழைய பாட்டுக்காரன் எழுதியது:

எதற்கு இந்த ஸ்பெயின்காரன் பெட்டி? புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் சட்டி வைத்து அடிக்காத தாளமா? என் காலத்தில் பெஞ்சு போதும், அதுவும் இல்லாவிட்டால் தீப்பெட்டி. பெண்ணுக்கு ஒரு நல்ல டோலக் வாங்கிக் கொடுங்கள்.

மேடை மூலை எழுதியது:

ஐயா, பெட்டி ஸ்பெயின்காரனுடையது இல்லை, பெரு நாட்டுடையது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே கையில் கிடைத்த சரக்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடித்ததில் வந்தது. மேளம் அடிக்க அவர்களுக்குத் தடை இருந்ததால் பெட்டிக்குப் போனார்கள் என்றும் சொல்வார்கள். ஸ்பெயினுக்கு அது போனது ரொம்பப் பின்னால், 1970களின் கடைசியில் பாகோ தெ லூசியா என்கிற கிட்டார் மேதை பெருவில் கேட்டுப் பிடித்துப்போய்த் தன் ஃபிளமெங்கோ (ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை) குழுவுக்குள் கொண்டுவந்தார். கிட்டார் கம்பி உள்ளே போனது ஃபிளமெங்கோ வழியில்தான், பெருக்காரர்கள் பெட்டியில் கம்பி கிடையாது. 2001இல் அந்த நாடு கஹோனைத் தன் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது.

பழைய பாட்டுக்காரன் எழுதியது:

சரக்குப் பெட்டியா! அப்படியென்றால் நம்ம ஹார்பர் ஆட்கள் சமாச்சாரம்தான். சரி, ஆட்சேபணை வாபஸ். ஆனால் டோலக்கும் வாங்கிக் கொடுங்கள்.

அலைநீளம் எழுதியது:

நான் இயற்பியல் வாத்தியார், தச்சு வேலை தெரியாது, அதனால் மாமனாரின் பலா மரக் கேள்விக்கு மட்டும் முதலில் வருகிறேன். மிருதங்கத்தில் அடி வாங்குவது தோல், பலா மரம் அதற்குக் கூடு. இங்கே அடி வாங்குகிற தோல் அந்த 3 மி.மீ. பலகைதான், மீதி ஐந்து பக்கமும் கூடு. தோலுக்குப் பின்னால் யாராவது குறுக்குக் கட்டை வைப்பார்களா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கூடு எவ்வளவு விறைப்பாக, அசையாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவர் பலத்தையெல்லாம் அங்கே காட்டட்டும்.

அடுத்தது ஓட்டை. பெட்டிக்குள் இருக்கிற காற்று ஒரு ஸ்பிரிங், ஓட்டையில் இருக்கிற காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்குகிற எடை, முன்பலகையை அடித்ததும் இந்த எடை உள்ளேயும் வெளியேயும் ஆடுவதுதான் நீங்கள் கேட்கிற அந்த 'தும்'. ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்குப்படி உங்கள் அளவுப் பெட்டியில் 12 செ.மீ. விட்டத்தில் ஓட்டை போட்டால் ஏறத்தாழ 90 ஹெர்ட்ஸ் வரும், 10 செ.மீ. என்றால் 80 சொச்சத்துக்கு இறங்கும். பலகையும் காற்றும் சேர்ந்து ஆடுவதால் நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஓட்டை பெரிதானால் சத்தம் கனமாகும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள், உண்மையில் சுருதி மேலே ஏறும். அதனால் 10இல் ஆரம்பித்து, கேட்டுக் கேட்டு அரத்தால் பெரிதாக்குங்கள். வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அந்த ஒரு ஓட்டையைத் தவிர வேறு எங்கும் காற்று கசியக் கூடாது. மூலையில் மயிரிழை இடைவெளி இருந்தால்கூட 'தும்' செத்துப்போகும். லாஞ்சு கட்டியவரிடம் இதைச் சொன்னால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

தண்டையார்பேட்டை தாளம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, வாத்தியார் பதிலை மாமாவுக்கு அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'தோலுக்குப் பின்னால் கட்டையா' என்ற வரியில் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காத்து போகாம மூட்டு போடணும்னு முதல்லயே சொல்றதுதானே" என்று என்னைத் திட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வேலை பறந்தது.

நாணயச் சோதனையில் வாங்கிய பலகையில் கீழ்ப்பக்கம் ஒரு இடம் சொத்தையாகவே கேட்டது. நல்லவேளை வாங்கிய துண்டு பெரிது, அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டினோம்.

ஒட்டிய அன்று வீடு பார்க்க வேண்டுமே. எங்களிடம் கிளாம்ப் கிடையாது. மாமா நைலான் கயிற்றைப் பெட்டியைச் சுற்றி மூன்று இடத்தில் கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினார், முறுக்க முறுக்க மூட்டிலிருந்து ஃபெவிகால் வெள்ளை மணியாகப் பிதுங்கி வந்தது. மூலைகளில் கயிறு வெட்டாமல் இருக்க வீட்டம்மா பழைய ஜீன்ஸ் துணியை மடித்து வைத்தாள். மகள் டேப்பைப் பிடித்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சொல்ல, வித்தியாசம் வந்த பக்கம் மாமா கொட்டாப்புளியால் ஒரு தட்டு, மறுபடி அளவு, மறுபடி தட்டு. மூலைமட்டத்தை நம்பமாட்டார், மூலைவிட்டம்தான் அவருக்குக் கணக்கு. பெட்டிக்குள் வழிந்த பசையை ஈரத் துணியால் துடைத்தது மச்சான். கொருக்குப்பேட்டையில் லேத் வைத்திருக்கிறான், மர வேலை என்றால் ஒதுங்கிவிடுவான், ஆனால் உள்ளே கை விட்டுத் துடைக்க நீளமான கை வேண்டுமே.

மறுநாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு பெட்டிக்குள் செல்போன் டார்ச்சைப் போட்டுப் பார்த்தோம். மூன்று மூலையில் இருட்டு. நாலாவது மூலையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு. மாமா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மரத்தூளையும் பசையையும் குழைத்து, பழைய பிளேடால் அந்த இடுக்கில் அழுத்தி அழுத்தி ஏற்றினார். இப்போது தண்ணீர் ஊற்றி வைத்தால்கூட நிற்கும்.

ஓட்டேரி பட்டறை எழுதியது:

கயிற்று முறுக்கு நல்ல வேலை. கிளாம்ப் ஒரு இடத்தில் அழுத்தும், கயிறு சுற்றி அழுத்தும். கடற்காற்று அடிக்கிற பகுதி, ஒரு நாள் முழுக்க அவிழ்க்காதீர்கள்.

ஒரு விஷயம் கேட்க மறந்தேன். மேல் பலகை பக்கப் பலகைகளுக்கு நடுவில் உட்காருகிறதா, அவற்றின் தலைமேல் உட்காருகிறதா? நடுவில் என்றால் உட்காருகிற ஆளின் பாரம் முழுக்கப் பசையில் தொங்கும். தலைமேல் இருந்தால் பாரம் பக்கப் பலகை வழியாகத் தரைக்கு இறங்கிவிடும்.

தண்டையார்பேட்டை தாளம் எழுதியது:

தலைமேல்தான். அவர் ஆசைப்பட்ட குறுக்குக் கட்டையையும் விடவில்லை, இருக்கைக்கு அடியில் போட்டு ஆசையைத் தீர்த்துக்கொண்டார். முன்பலகை திருகு பிடிக்க உள்ளே சுற்றி முக்கால் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒட்டியிருக்கிறோம்.

ஓட்டேரி பட்டறை எழுதியது:

அது சரி. ஆனால் முன்பலகை விஷயத்தில் மேடைக்காரரோடு எனக்கு ஒத்துவராது. மேல் பக்கம் மட்டும் திருகு, மீதி மூன்று பக்கம் ஒட்டு. சுற்றிலும் திருகு என்றால் இரண்டு திருகுக்கு நடுவில் பலகை லேசாக எழும்பும், அங்கே காற்றும் போகும், இரைச்சலும் வரும்.

மேடை மூலை எழுதியது:

பலகை கிழிந்தால் மாற்றுவது எப்படி அண்ணே? என் பெட்டிக்கு மூன்றாவது முன்பலகை போட்டாகிவிட்டது. ஒட்டியிருந்தால் உளி வைத்துப் பெயர்க்க வேண்டும், ரீப்பரும் சேர்ந்து வரும். திருகை நெருக்கமாகப் போட்டால் எழும்பாது.

ஓட்டேரி பட்டறை எழுதியது:

மூன்று முறை கிழித்தது உங்கள் கை. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அலைநீளம் எழுதியது:

இருவரும் சொல்வதும் சரிதான், ஆனால் முதல் பெட்டி என்பதால் நான் திருகின் பக்கம். ரீப்பர் மேல் மெல்லிய டேப் ஒன்று ஒட்டிவிட்டு அதன்மேல் பலகையைத் திருகினால் கசிவும் அடங்கும்.

மேடை மூலை எழுதியது:

திருகு வாங்கும்போது ஒரு கவனம். தலை மரத்துக்குள் புதைகிற வகை வேண்டாம். அதற்குக் குழி தோண்டினால் 3 மி.மீ. பலகையில் மிச்சம் ஒன்றும் இருக்காது, இறுக்கும்போது தலை பலகையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். வட்டத் தலை போடுங்கள், முன்கூட்டியே சின்னத் துளை போட்டுவிட்டுத் திருகுங்கள். மேல் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் நன்றாக உருட்டிவிடுங்கள், பிள்ளையின் உள்ளங்கை அங்கேதான் போய் மோதும்.

தண்டையார்பேட்டை தாளம் எழுதியது:

திருகுதான் போட்டோம், வட்டத் தலை. முதல் அடி யார் அடிப்பது என்று ஒரு சின்னச் சண்டை நடந்து, கடைசியில் மகளே அடித்தாள். 'தும்' அருமை. நடு மார்பில் வந்து விழுகிறது. ஓட்டை 10 செ.மீ.யில் ஆரம்பித்து, வாத்தியார் சொன்ன மாதிரி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, 11இல் மகள் போதும் என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒரு தொல்லை. ஸ்னேர் கம்பி போட்ட பிறகு, நடுவில் அடித்தால்கூட அடி முடிந்தும் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே போகிறது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட பெட்டி தானாகச் சேர்ந்து பாடுகிறது. என்ன செய்யலாம்?

மேடை மூலை எழுதியது:

கம்பி பலகையில் அதிகமாக அழுந்தியோ, தளர்ந்தோ இருக்கிறது. கம்பியைப் பலகையிலிருந்து விலக்கிவிட்டு அடித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் கம்பிதான், நிற்காவிட்டால் எங்கோ ஒரு திருகு. கம்பி என்றால், அதன் சுருள்களில் நுனிப்பக்கம் குறுக்காக ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டுங்கள், இழுவை அடங்கும். கம்பி பிடித்திருக்கிற கட்டை ஒரு அச்சில் திரும்புகிற மாதிரி இருந்தால் வேண்டும்போது சேர்க்கலாம், வேண்டாதபோது விலக்கலாம். உங்கள் மச்சான் லேத்துக்காரர்தானே?

தண்டையார்பேட்டை தாளம் எழுதியது:

அவனிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது, கடைசியில் இரும்பு வேலை வந்துவிட்டதே. ஒரு பழைய சைக்கிள் போல்ட்டைக் கடைந்து, பக்கப் பலகை வழியாக வெளியே ஒரு சின்னக் குமிழ் வருகிற மாதிரி செய்துகொடுத்தான். குமிழைத் திருப்பினால் கம்பி வருகிறது, மறுபக்கம் திருப்பினால் போகிறது. துளையைச் சுற்றி ரப்பர் வாஷர், காற்று போகாது. ஸ்பாஞ்சு பாத்திரம் தேய்க்கிற புதிய ஸ்பாஞ்சிலிருந்து வெட்டியது, அதற்கு வீட்டம்மாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசிக் கேள்வி, பாலிஷ். மாமா வார்னிஷ் மூன்று கோட் என்கிறார்.

ஓட்டேரி பட்டறை எழுதியது:

உடலுக்கு மூன்று கோட் அடிக்கட்டும், உள்பக்கமும் ஒரு கோட். வெளியே மட்டும் பூசினால் மழைக்காலத்தில் ஈரம் உள்வழியாக ஏறிப் பலகை ஒரு பக்கமாக வளையும். முன்பலகைக்கு மட்டும் கனமாக எதுவும் கூடாது, தடித்த பூச்சு பலகையை விறைக்க வைத்துவிடும். அரக்கு பாலிஷ் துணியில் தொட்டு மெல்லிசாக, அதுவும் இரு பக்கமும். அடியில் நாலு ரப்பர் கால்.

கல்மண்டபம் புதுசு எழுதியது:

இப்போதுதான் முழுக்கப் படித்தேன். நானும் செய்யப் போகிறேன், வெட்டு அளவு கிடைக்குமா?

தண்டையார்பேட்டை தாளம் எழுதியது:

பக்கம் இரண்டும் 433க்கு 305, மேலும் கீழும் 305க்கு 305, எல்லாம் 12 மி.மீ. பலகை. பின்பக்கம் 457க்கு 305, 6 மி.மீ. முன்பக்கம் அதே அளவு, 3 மி.மீ. இதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. முன்பலகையை எல்லாப் பக்கமும் ஒரு மில்லி கூடுதலாக வெட்டி, திருகிய பிறகு இழைத்துச் சமப்படுத்துங்கள்.

இப்போது வேறு கதை ஆரம்பித்திருக்கிறது. மாமா பழைய லாஞ்சிலிருந்து எடுத்து வைத்திருந்த ஆயினிப் பலகைகளை மாடியிலிருந்து இறக்கிவிட்டார். அடுத்த பெட்டி பிளைவுட்டே இல்லாமல் முழு மரத்தில் செய்வாராம், முன்பலகை உள்பட.

ஓட்டேரி பட்டறை எழுதியது:

உடல் ஆயினியில் செய்யலாம். பக்கத்துக்கும் மேலுக்கும் கீழுக்கும் இழை பெட்டியைச் சுற்றி ஓடுகிற மாதிரி வெட்டினால் ஈரத்தில் நாலும் ஒரே திசையில் விரியும், வெடிக்காது. முன்பலகை மட்டும் வேண்டாம். 3 மி.மீ.க்கு இழைத்த முழு மரம் இழையோடு பிளந்துவிடும், பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கு நெடுக்காக இருப்பதால்தான் அடி தாங்குகிறது. அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தாளம் எழுதியது:

நான் சொல்லியாயிற்று. நீங்களே வந்து சொல்லுங்கள் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பார், இழைப்புளியும் கையில் இருக்கும்.